உள்ளே இல்லாதது

பெரம்பலூரில் மத்தியான வேளைகளில் கல்குவாரி வெடி கேட்கும். முதலில் காலடியில் தரை லேசாக அதிரும், அப்புறம்தான் சத்தம் வரும். அதிர்வு காற்றைவிடக் கல்லில் வேகமாக ஓடும் என்று பையன்களுக்குக் காட்ட எனக்கு வேறு சோதனைக்கூடம் தேவைப்பட்டதில்லை. துகள் மோதல்களைப் பற்றிச் சொல்ல நேர்ந்தபோதும் நான் குவாரியையே பிடித்துக்கொண்டேன். பாறையை உடைத்தால் கல். கல்லை கிரஷரில் போட்டால் ஜல்லி. ஜல்லியை உடைத்தால் மணல். இப்படியே இறங்கிப் போனால் அணு, அணுக்கரு, புரோட்டான். ஜெனீவாவில் செய்வதும் இதுதான், கிரஷர் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. பல வருஷம் இதைச் சொன்னேன். ஒரு பையன், அவன் அப்பா குவாரியில் வெடிக்குழி போடுகிறவர், எழுந்து கேட்டான்: “அப்ப உள்ளே இருந்ததுதானே சார் வெளியே வரும்?” ஆமாம், வேறென்ன, என்றேன்.

அது தப்பு. சின்னத் தப்பும் அல்ல. இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகத்தின் மையமான விஷயம் ஒன்றை நான் அந்த ஒரு ‘ஆமாம்’-இல் மூடிவிட்டேன் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கிற்று. அந்தத் தப்பு எப்படி உடைந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் சில பக்கங்கள் நம்மவர்களால் எழுதப்பட்டவை. அவற்றை நாம் வாசிப்பதில்லை. வாசிக்காமலிருப்பதற்கு நாம் கண்டுபிடித்துக்கொண்ட சாக்கு ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பக்கத்து மனிதனுக்கு இந்தத் தப்பு இயல்பாகவே வரும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லைப் பிளந்தால் சிப்பியும் சங்கும் வருகின்றன. காரைக்குப் பக்கத்தில் மழை அரித்த பள்ளங்களில் நடந்தால் கடலுயிர்களின் ஓடுகள் தாமாகவே மேலே வந்து கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியின் அடுக்குகளை வரைபடமாக்கினார். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிக்ஸ்கா இங்கே கிடைத்த உயிர்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தினார். அரியலூரும் ஊட்டத்தூரும் கிரிட்டேஷியஸ் யுகத்தின் அடையாளங்களாக உலகப் புவியியல் நூல்களுக்குள் போய்ச் சேர்ந்தன. புதைந்திருந்தது, உடைத்தோம், கிடைத்தது. நம் தர்க்கம் இந்த அனுபவத்தின் மேல் நிற்கிறது. (கவிதையை உடைத்தால் உள்ளே கருத்து கிடைக்கும் என்று நம்புகிற நம் விமர்சகர்களில் பெரும்பாலோர் இதே குவாரியில்தான் வேலை பார்க்கிறார்கள். அது வேறு சண்டை.)

அணுவைப் பற்றிய முதல் விசாரணைகளும் இந்தத் தர்க்கத்தைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. ரூதர்ஃபோர்டு 1911-இல் அணுவுக்குள் கரு ஒன்று இருக்கிறது என்றபோது, உள்ளே இருந்ததைத்தான் சொன்னார். சங்கடம் 1932-இல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களில் பாசிட்ரானைக் கண்டார். போதிய சக்தியுள்ள ஓர் ஒளித்துகள் அணுக்கருவின் அருகில் மறைந்துபோய், அந்த இடத்திலிருந்து ஒரு எலெக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் கிளம்புகின்றன என்பது அடுத்த ஓரிரு வருஷங்களில் தெளிவாயிற்று. ஒளிக்குள் எலெக்ட்ரான் ஒளிந்திருக்கவில்லை. சக்தி பருப்பொருளாயிற்று. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி அழிப்பது சுலபம். ஒரு புகைப்படத்தில் இரண்டு தடங்கள் ஒன்றுமில்லாத ஒரு புள்ளியிலிருந்து பிரிந்து போவதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

இங்கே பாபா வருகிறார். ஹோமி பாபா என்றால் நமக்கு டிராம்பே, அணு உலை, நேருவோடு ஒரு புகைப்படம். 1937-இல் அவர் ஹைட்லரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையை வைத்து அவரை நினைப்பவர்கள் குறைவு. (ஹைட்லர் என்பது ஜெர்மனியிலிருந்து வெளியேற வேண்டியிருந்த ஒரு பௌதிகவாதி. பெயர் ஒலிப்பினால் குழம்ப வேண்டாம்.) வானத்திலிருந்து வரும் ஒரு காஸ்மிக் கதிர் துகள் எப்படித் தரைக்கு வரும்போது ஆயிரக்கணக்கான துகள்களின் பொழிவாகிறது என்பது அப்போது புதிர். அவர்கள் சொன்ன விடை எளிமையானது. வேகமான எலெக்ட்ரான் ஒன்று அணுக்கருவைக் கடக்கும்போது ஒளித்துகள் ஒன்றை உமிழ்கிறது. அந்த ஒளித்துகள் எலெக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடியாகிறது. அந்த இரண்டும் மறுபடி உமிழ்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒவ்வொரு தலைமுறையிலும் சக்தி பங்கு போடப்பட்டு, கடைசியில் மேலும் பிள்ளை பெறச் சக்தி போதாமல் வம்சம் ஓய்கிறது. அமெரிக்காவில் கார்ல்சனும் ஓப்பன்ஹைமரும் அதே வருஷம் அதே முடிவுக்குத் தனியாக வந்தார்கள்.

வம்சம் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். கீழே வந்து விழும் ஆயிரம் துகள்களும் முதல் துகளின் துண்டுகள் இல்லை, வாரிசுகள். பாறைக்கும் ஜல்லிக்கும் உள்ள உறவு வேறு, கொள்ளுப்பாட்டனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் உள்ள உறவு வேறு. பாட்டனுக்குள் பேரன் உட்கார்ந்திருந்தான் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பேரனின் சாடையை வைத்துப் பாட்டனை ஊகிக்கலாம். நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய உவமை இது.

அந்த வம்சத்தை எண்ணுவது எப்படி என்ற கேள்வியில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் நுழைகிறார். அல்லாடி ராமகிருஷ்ணன், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் மகன். சட்டம் படிக்க வேண்டியவர் பாபாவிடம் போய்ச் சேர்ந்தார். பொழிவில் சராசரியாக எத்தனை துகள் என்று கண்டால் போதாது. ஒரு பொழிவு அடுத்ததைப்போல் இருப்பதில்லை, ஏற்றத்தாழ்வு பெரிது. சக்தி என்பது முழு எண்களில் வரும் சரக்கும் அல்ல, தொடர்ச்சியாக எந்த மதிப்பும் எடுக்கும். தொடர்ச்சியான ஒரு கோட்டின்மேல் தனித்தனிப் புள்ளிகளாக விழுகிற துகள்களுக்கு நிகழ்தகவு எழுதுவது எப்படி? ராமகிருஷ்ணன் 1950-இல் வெளியிட்ட வழி, ஒரு சின்ன இடைவெளியில் ஒரு துகள் இருப்பதற்கான அடர்த்தி, இரண்டு சின்ன இடைவெளிகளில் சேர்ந்தாற்போல் இரண்டு துகள் இருப்பதற்கான அடர்த்தி என்று படிப்படியாகக் கட்டுவது. பெருக்கல் அடர்த்தி என்று அதைத் தமிழில் சொல்லலாம். எல்லாத் துகளையும் ஒரே சமயத்தில் பார்க்க முயலாமல், ஒன்றைப் பார், மற்றவை என்னவானாலும் ஆகட்டும். பிறகு இரண்டைப் பார். பிற்காலத்தில் முடுக்கிகளில் நூற்றுக்கணக்கான துகள்கள் சிதறத் தொடங்கியபோது ஆய்வாளர்கள் கையாண்ட அளவுகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அவர் மயிலாப்பூரில் தன் வீடான ஏகாம்ர நிவாஸத்திலேயே ஒரு கருத்தரங்கு நடத்தினார். வெளிநாட்டுப் பௌதிகவாதிகள் அந்த வீட்டுக்கு வந்து பேசினார்கள். 1960-இல் சென்னை வந்த நீல்ஸ் போர் இந்தச் சின்னக் கூட்டத்தைப் பார்த்து வியந்து நேருவிடம் சொன்னார். 1962 ஜனவரி 3-ஆம் தேதி சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவதிலிருந்து ஒரு காரியம் தொடங்கும் என்பது சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ஆச்சரியம் தரக்கூடாது. அதற்கப்புறம் சர்க்கார் கட்டிடம் கிடைக்கும் என்பதுதான் நமக்குப் பழக்கமில்லாத பகுதி.

கணக்கு இருக்கட்டும், தடங்களைப் பார்த்தது யார்? 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் கல்கத்தாவில் தேவேந்திர மோகன் போஸும் பிபா சௌதுரியும் சாதாரணப் புகைப்படத் தகடுகளை டார்ஜிலிங்கிலும் அதற்கு மேலே சந்தக்ஃபூவிலும் மாதக் கணக்கில் வைத்துவிட்டு வந்தார்கள். தகட்டின் எமல்ஷன் பூச்சில் காஸ்மிக் துகள்கள் கீறிய தடங்களை மைக்ராஸ்கோப்பில் அளந்து, எலெக்ட்ரானைவிடச் சுமார் 200 மடங்கு கனமான ஒரு துகளின் அடையாளத்தை ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்கள். யுத்தகாலம். மேலும் நுட்பமான தகடுகள் கிடைக்கவில்லை, வேலை நின்றது. 1947-இல் பிரிஸ்டலில் பவல் குழு மேலான தகடுகளைக் கொண்டு பையானைக் கண்டது. 1950-இல் நோபல் பரிசு பவலுக்கு. பிரிஸ்டலில் அந்தத் தகடுகளை நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் தேடிய கண்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. பிபா சௌதுரி பிறகு மான்செஸ்டர் போய், 1949-இல் பாபாவின் டாட்டா நிறுவனத்துக்கு வந்து, 1991-இல் இறந்தார். அவரைப் பற்றி விரிவாக எழுதப்பட்டது அவர் இறந்து வெகுகாலம் கழித்துத்தான்.

எமல்ஷன் தகடுகளில் சில சமயம் ஒரு விசேஷமான காட்சி கிடைக்கும். மிகுந்த சக்தியோடு வந்த துகள் ஒரு கருவில் மோத, அங்கிருந்து பத்து இருபது தடங்கள் ஒடுங்கிய கூம்பாக முன்னோக்கிப் பாயும். 1950-களில் அதற்கு ஜெட் என்று பேர் வைத்தார்கள். தமிழில் தாரை என்கிறோம், பொருத்தமாகவே இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவில் ஊதுகிற தாரையும் ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் விரிவதுதான். ஆனால் அந்தக் காலத்துத் தாரையையும் பிற்காலத்துத் தாரையையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. முன்னதன் கூம்பு ஒடுங்கியதற்கு முக்கியக் காரணம் வந்து மோதிய துகளின் வேகம். பின்னதன் காரணம் வேறு. பெயர் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோயிற்று.

கோலாரைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில், மேலே நிற்கும் பாறையே மற்றக் காஸ்மிக் கதிர்களை வடிகட்டிவிட, டாட்டா நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய ஆய்வாளர்களும் கருவிகளை வைத்தார்கள். 1965-இல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் கிடைத்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ரைன்ஸின் குழுவும் அதே வருஷம் கண்டது. அந்த ஆழத்துக்குக் கூண்டில் இறங்கி அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்கள் பெரும்பாலும் வடஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள், அதிலும் தாழ்த்தப்பட்டவர்கள். பௌதிகச் சரித்திரத்தில் அவர்கள் ‘ஆழம்’ என்ற ஒரு எண்ணாக வருகிறார்கள்.

அதே கோலார்க் குழு 1975-இல் இன்னொன்றையும் அறிவித்தது. சில நிகழ்ச்சிகளில் பல தடங்கள் ஒரு புள்ளியில் சந்தித்தன. அந்தப் புள்ளி பாறைச் சுவரில் இல்லை. சுவருக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள வெற்றுக் காற்றில் இருந்தது. காற்றில் மோதுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆகவே, பாறையில் பிறந்த ஏதோ ஒரு புதிய கனத்த துகள் கொஞ்ச தூரம் பறந்து வந்து காற்றில் சிதைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். வேறெங்கும் அது உறுதிப்படவில்லை. ஆனால் அவர்கள் வாசித்த முறையைக் கவனிக்க வேண்டும்: பிறந்த இடம் ஒன்று, இறந்த இடம் வேறு, நடுவிலுள்ள இடைவெளிதான் சாட்சி. கனக் குவார்க்குகள் இன்றும் இப்படித்தான் அடையாளம் காணப்படுகின்றன.

குவார்க் என்ற பெயரைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1964-இல் கெல்மான் புரோட்டானுக்குள் மூன்று உறுப்புகள் என்று கருதிப் பார்த்தபோது, மனதில் ஓடிய ஓசைக்கு எழுத்தை ஜாய்ஸின் ‘ஃபின்னகன்ஸ் வேக்’-இல் எடுத்தார். அதே கருத்துக்குத் தனியாக வந்த ஸ்வைக் ‘ஏஸ்’ என்று சீட்டுக்கட்டுப் பெயர் வைத்தார். ஜாய்ஸ் ஜெயித்தார். நவீன இலக்கியம் உலகத்துக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு இதையாவது சொல்லலாம்.

1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் எலெக்ட்ரான்களைப் புரோட்டான்மேல் எறிந்து, உள்ளே கெட்டியான புள்ளிகள் இருப்பதாகக் கண்டார்கள். இதுவரை குவாரித் தர்க்கம் பிழைத்திருக்கிறது: உள்ளே ஏதோ இருக்கிறது. சரி, எடுத்துக் காட்டு என்றால் வரவில்லை. தனிக் குவார்க்கை யாரும் பிடிக்கவில்லை. காரணம், ‘நிறம்’ என்று பெயரிட்ட ஒரு மின்னூட்டம் போன்ற குணம். நம் கண்ணின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறமுள்ள இரண்டைப் பிரித்து இழுத்தால், தூரம் கூடியும் இழுவிசை குறைவதில்லை. அந்த விசை சுமார் 16 டன் பாரத்துக்குச் சமம், ஒரு டிப்பர் லாரி நிறைய ஜல்லி. இது ஒரு புரோட்டானின் அகலத்தில் நடக்கிறது. இழுக்க இழுக்கச் சக்தி சேர்ந்து, ஒரு கட்டத்தில் அந்தச் சக்தியே புதிய குவார்க்–எதிர்க்குவார்க் ஜோடியாகி நடுவில் அறுகிறது. காந்தத்தை ஒடித்தால் இரண்டு காந்தம் கிடைப்பதுபோல. தனியாக ஓட முயன்ற குவார்க், தான் போகும் திசையெல்லாம் புதிய துகள்களைப் பெற்றுப்போட்டுக்கொண்டு, ஒரு கூட்டமாகத்தான் வந்து சேர்கிறது. அந்தக் கூட்டம்தான் தாரை.

1975-இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்பியர் என்ற வளையத்தில் இது முதலில் தெரிந்தது. கண்ணுக்கு அல்ல, புள்ளிவிவரத்துக்கு. அதைக் காட்டிய கட்டுரையின் முதல் பெயர் கெய்ல் ஹான்சன் என்ற பெண். அங்கே மோதியவை எலெக்ட்ரானும் பாசிட்ரானும். இந்த இடத்தில்தான் என் குவாரி முற்றாக மூடப்படுகிறது. எலெக்ட்ரானுக்குள் குவார்க் கிடையாது, பாசிட்ரானுக்குள்ளும் கிடையாது. இரண்டும் சந்தித்து இல்லாமல் போகின்றன. மிஞ்சிய சக்தியிலிருந்து ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிறந்து எதிரெதிரே ஓடி, இரண்டு தாரைகளாகின்றன. இரண்டு கல்லை மோதவிட்டு இரண்டு கல்லும் மறைந்து, அங்கே இரண்டு வேப்பமரம் நின்றால் எப்படியோ அப்படி. 1979-இல் ஹாம்பர்கில் மூன்று தாரைகள் கண்ணுக்கே தெரிந்தன. மூன்றாவது, குவார்க் வழியில் உமிழ்ந்த குளூவானின் தாரை. எலெக்ட்ரான் ஒளித்துகளை உமிழ்கிற பழைய கதையின் மறு அவதாரம் என்று சொல்லத் தோன்றுகிறது. 1977-இல் அல்டரெல்லியும் பரிசியும் குவார்க்குகள் கிளைப்பதற்கு எழுதிய சமன்பாடுகளைப் பார்த்தால் அவற்றின் உருவம் பாபா–ஹைட்லர் பொழிவின் தாயாதி என்று தெரியும். வித்தியாசம் உண்டு. பாபாவின் பொழிவுக்கு ஈயமோ காற்றோ வேண்டும். குவார்க் வெற்றிடத்திலேயே கிளைக்கும்.

ஆனால் தாரை என்பது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? ஓரத்திலுள்ள ஒரு துகள் இந்தத் தாரையா, அடுத்த தாரையா? இயற்கை கோடு போட்டுத் தருவதில்லை. 1977-இல் ஸ்டெர்மனும் வைன்பர்கும் முதலில் ஒரு வரையறை கொடுத்தார்கள். இவ்வளவு அகலக் கூம்புக்குள் கிட்டத்தட்ட எல்லாச் சக்தியும் இருந்தால் அது தாரை, அகலத்தை நீ தேர்ந்துகொள். தேர்வு எப்படியிருந்தாலும் சரி, வழியில் ஒரு மெல்லிய குளூவான் கூடுதலாக உமிழப்பட்டதா, ஒரு துகள் ஒரே திசையில் இரண்டாகப் பிளந்ததா என்பதெல்லாம் விடையை மாற்றக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. இன்று பெரும்பாலும் கையாளப்படும் வாசிப்பு முறை 2008-இல் கச்சியாரி, சலாம், சோயே மூவரும் கொடுத்தது. ஆக, தாரை என்பது பாதி பொருள், பாதி வாசிப்பு. வாசகன் இஷ்டத்துக்கு எதுவும் சொல்லலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அற்ப மாற்றங்களுக்கு அசைந்துகொடுக்கும் வாசிப்பு அங்கே நிராகரிக்கப்படுகிறது. நம்மிடையே அப்படியொரு நிபந்தனை இருந்திருந்தால் சில பத்திரிகைகள் பக்கம் குறைந்திருக்கும்.

இனி கனக் குவார்க்குகள். 1971-இல் ஜப்பானில் நியு என்பவரின் குழு, சரக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பிய எமல்ஷன் தகடுகளில் ஒரு தாரையைக் கண்டது. அதில் இரண்டு தடங்கள் சில சென்டிமீட்டர் போனபின் முறிந்து திரும்பின. ஏதோ கனத்த ஒன்று பிறந்து, கொஞ்சம் ஓடிச் சிதைந்திருக்கிறது, அதுவும் ஜோடியாக. ஜப்பானுக்கு வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1974 நவம்பரில் புரூக்ஹேவனில் டிங்கும் ஸ்டான்ஃபோர்டில் ரிக்டரும் ஜே/ஸை துகளை அறிவித்தபோதுதான் நாலாவது குவார்க்கான சார்ம் உலகத்துக்கு வந்தது. நோபல் அவர்களுக்கு, 1976-இல். நியுவின் தகடு, போஸ்–சௌதுரியின் தகடு மாதிரியே, முன்னால் வந்தும் பின்னால் நிற்கிறது. 1977-இல் ஃபெர்மி ஆய்வகத்தில் லெடர்மன் குழு ஐந்தாவதை, பாட்டம் குவார்க்கைக் கண்டது.

ஆறாவதான டாப் குவார்க்குக்கு 18 வருஷம் காத்திருந்தார்கள். 1995 மார்ச் 2-ஆம் தேதி ஃபெர்மி ஆய்வகத்தில் இரண்டு குழுக்கள் அறிவித்தன. டி-ஸீரோ என்ற குழுவில் பம்பாய் டாட்டா நிறுவனத்தாரும் டெல்லி, பஞ்சாப் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். அந்தக் குழு எடுத்துக்காட்டியவை 17 நிகழ்ச்சிகள். டாப் இல்லாமலே வேறு காரணங்களால் வந்திருக்கக்கூடியவை 3.8 என்பது அவர்கள் கணக்கு. மீதியில் ஒரு குவார்க் நிரூபணமாயிற்று. (எங்கள் பெரம்பலூர் தனி மாவட்டமானதும் அந்த 1995-இல்தான். அரியலூர் அதிலிருந்து 2001-இல் பிரிந்து, 2002-இல் மறுபடி ஒட்டி, 2007-இல் திரும்பப் பிரிந்தது. குவார்க்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை.)

டாப் குவார்க்கின் கனம் புரோட்டானைப்போல் சுமார் 184 மடங்கு. பழைய குண்டு பல்பின் இழையிலுள்ள ஒரு முழு டங்ஸ்டன் அணுவின் கனம், உள்ளமைப்பு தெரியாத ஒரே புள்ளியில். மோதுவது இரண்டு புரோட்டான்கள் அல்லது ஒரு புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும். பிறப்பது அவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கனமான ஒரு ஜோடி. ஜல்லியை உடைத்தால் மலை வருகிறது. ஜெனீவாவின் பெரிய வளையத்தில் இது பெரும்பாலும் இரண்டு குளூவான்கள் சந்திப்பதால் நடக்கிறது. குளூவானுக்கோ நிறையே கிடையாது. வன்விசையால் பிறக்கும்போது கனக் குவார்க் ஒருபோதும் தனியாகப் பிறப்பதில்லை, கூடவே அதன் எதிர் பிறந்தாக வேண்டும்.

பிறந்ததும் ஒவ்வொன்றும் ஒரு விதம். பாட்டம் குவார்க் கொண்ட துகள் தாரைக்குள்ளேயே சில மில்லிமீட்டர் ஓடிச் சிதைகிறது. அந்த இரண்டாவது சந்திப்புப் புள்ளியைச் சிலிக்கான் தகடுகள் பிடித்துவிடுகின்றன. எமல்ஷனில் நியு பார்த்த முறிவு, கோலாரில் காற்றில் தேடிய இடைவெளி. டாப் குவார்க்கின் ஆயுள் ஒரு விநாடியின் கோடி கோடி கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. தாரை உடுத்திக்கொள்ள அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மற்றக் குவார்க்குகளெல்லாம் கூட்டத்தோடு வந்து சேர, இது ஒன்றுதான் நிர்வாணமாகச் சாகிறது. சாவில் பிறக்கும் பாட்டம் குவார்க்கின் தாரையும் மற்றச் சந்ததிகளும் மட்டும் நம்மிடம் வருகின்றன.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 2022-இல் ஐரோப்பியக் குழு ஒன்று, புரோட்டானின் உள்ளமைப்பிலேயே ஓரளவு சார்ம் குவார்க் நிரந்தரமாகக் கலந்திருப்பதற்கு ஆதாரம் இருப்பதாக எழுதியது. சார்ம் குவார்க் புரோட்டானைவிடக் கனமானது. முழுமையைவிடக் கனமான பகுதி. இது முடிந்துபோன விவாதம் அல்ல. என் பழைய மாணவனின் ‘உள்ளே இருந்ததுதானே’ பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது, ஆனால் ‘உள்ளே’ என்ற சொல்லின் அர்த்தமே கலங்கிப்போன வேஷத்தில்.

இனி அந்தச் சாக்கு. 2004 ஜூனில் இந்திய சர்க்கார் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு நடராஜர் சிலை ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் வளாகத்தில் நிறுத்தப்பட்டது. அருகில் ஃப்ரிட்ஜாஃப் காப்ராவின் வாசகம். 1975-இல் வந்த ‘தாவோ ஆஃப் பிசிக்ஸ்’ என்ற புத்தகத்தில் அவர் துகள்களின் பிறப்பிறப்பைச் சிவ நடனத்தோடு ஒப்பிட்டார். அன்றிலிருந்து நம் மேடைகளில் இது ஓயவில்லை. அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் சுவரில் ராஜேந்திரன் காலத்து ஆடவல்லான் இருக்கிறார். அவர் முன்னால் நின்றுகொண்டு, “ஜெனீவாவில் கண்டுபிடிக்கிறதெல்லாம் இங்கே அப்பவே இருக்கு” என்று ஒருவர் குழந்தைகளுக்குச் சொன்னதை என் காதால் கேட்டேன். எனக்கு அந்தச் சிற்பத்தின்மேல் கோபமில்லை. அது சிற்பமாகவே போதுமான அற்புதம். இந்தப் பேச்சு என்ன செய்கிறதென்றால், சிற்பத்தையும் பார்க்க விடுவதில்லை, பௌதிகத்தையும் பார்க்க விடுவதில்லை. இதுவும் குவாரித் தர்க்கம்தான்: எல்லாம் ஏற்கனவே உள்ளே இருந்தது, உடைத்தால் வரும். புதிதாக எதுவும் பிறக்க வேண்டியதில்லை, யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை.

நம் பங்கு அந்த வெண்கலத்தில் இல்லை. 1937-இல் ஒரு கட்டுரையில் இருக்கிறது. மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், சந்தக்ஃபூ குளிரில் காத்திருந்த தகட்டில், கோலாரின் கூண்டில் இருக்கிறது. செர்னில் சி.எம்.எஸ். என்ற கருவியின் வெளிப்புறச் சக்திமானியை மும்பைக்காரர்களும் சண்டிகர்க்காரர்களும் கட்டினார்கள். தாரைகளில் உள்ளே நிற்காமல் கசிந்து வருவதைப் பிடிப்பது அதன் வேலை. குழந்தைகளை யாராவது அழைத்துப் போய் அதைக் காட்டினால் தேவலை.

அந்தப் பையனை, இப்போது அவன் பையன் இல்லை, சமீபத்தில் துறைமங்கலத்தில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். சொந்தமாக கிரஷர் வைத்திருக்கிறான். அன்று சொன்னது தப்பு என்று சொல்லி, முடிந்தவரை விளக்கினேன். உடைத்தால் வருவது உள்ளே இருந்தது அல்ல, மோதலின் சக்தி பொருளாகிறது என்றேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

“அப்ப மோத விடறதுக்கு அவங்க ஓட்டுன கரண்டுதான் சார் அந்தச் சாமானா வருது.”

அநேகமாக அப்படித்தான், என்றேன்.

“கரண்டுல எவ்வளவு பங்கு சார் சாமானா மாறும்? பாக்கி சூடாத்தானே போயிடும்?”

மிகமிகக் கொஞ்சம்தான் மாறும் என்றேன். தன் மில்லுக்கு மாசம் வருகிற கரண்ட் பில்லைச் சொன்னான். பிறகு வெகுநேரம் மின்கட்டணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.